நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் நாலு சக்கரம்தான்

"உயிரோட இருக்கியா, இல்லியா? அதை மொதல்ல சொல்லு!"

சாலையோரத் தடுப்பு உடைந்த இடத்தில் நின்றுகொண்டு, பள்ளத்தில் மூக்குக் குத்திக் கிடக்கும் காரைப் பார்த்துக் கொக்கி அக்கா கத்துகிறாள். "இருக்கேங்க்கா..." என்று கீழேயிருந்து ஈனக்குரல் வருகிறது. அவ்வளவுதான். அடுத்த அரை மணி நேரத்துக்கு அந்த உயிருக்கு நிம்மதி கிடையாது. இரும்புக் கயிற்றின் நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு, சேற்றில் குதிகாலை அழுத்தி அழுத்தி இறங்கும்போதே ஆரம்பித்துவிடுகிறாள்.

"மழை பெய்யுதுன்னு வானம் சொல்லுது. வழுக்கும்னு பலகை சொல்லுது. இந்த ரோடே உனக்காக வளைஞ்சு காட்டுது. இதுக்கு மேல உனக்கு யாருப்பா வந்து சொல்லணும்? உங்க மாமனாரா?"

திட்டிக்கொண்டே கதவை நெம்பித் திறப்பாள். திட்டிக்கொண்டே உலர்ந்த துண்டு ஒன்றை அந்த ஆளின் தோளில் போர்த்துவாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுப்பாள். தண்ணீர் சட்டையில் கொட்டினால் அதற்குத் தனியாக ஒரு திட்டு. எல்லாம் முடிந்த பிறகுதான் காரின் அடியில் மல்லாந்து படுத்துக் கொக்கியை மாட்டுவாள். முதலில் திட்டு, அப்புறம் கொக்கி. மலைப்பாதையில் விழுந்த வண்டிகளை இழுக்கும் தொழிலுக்கு அவள் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்த வரிசை மாறியதில்லை.

நாற்பத்தெட்டு வயது. இறுக்கிப் போட்ட கொண்டை, அதற்கு மேல் ஆரஞ்சு நிறத் தொப்பி. உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். கைரேகை பார்ப்பவன் பார்த்தால் தொழிலை விட்டுவிட்டு ஓடிவிடுவான். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்க மாட்டாள், அவன் வண்டியின் டயரைப் பார்த்துத்தான் பேசுவாள். தேய்ந்த டயராக இருந்தால் பேச்சின் சூடு அதற்கேற்ப ஏறும்.

தகரக் கூரை போட்ட கொட்டகைதான் அலுவலகம். அதில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, தொலைபேசிக்குப் பக்கத்தில் கணவர். அவர் பரம சாது. "கோபம் இருக்குற இடத்துலதான் குணம் இருக்கும்பாங்க. எங்க வீட்ல குணம் வந்து உக்காரக்கூட இடம் இல்ல, அவ்வளவு கோபம்" என்று வருகிறவர்களிடம் மெல்லச் சொல்வார். அவள் திரும்பினால் தொலைபேசியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

இந்தக் கொட்டகைக்கு வண்டி விழுந்தவர்கள் மட்டும் வருவதில்லை. இனிமேல் விழப் போகிறவர்களும் வருகிறார்கள். ஹாட் ஹேட்ச் வாங்கப் போகிறவர்களைத்தான் அவள் அப்படிச் சொல்வாள். பார்ப்பதற்கு அது குடும்பத்தோடு காய்கறி வாங்கப் போகிற சின்னக் கார். பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். அதற்குள் பந்தயக் காருக்கு வைக்கிற மாதிரி ஓர் என்ஜினைத் திணித்திருப்பார்கள். கொக்கி அக்கா அதற்கு வைத்திருக்கும் பெயர் 'கொழுப்பெடுத்த டப்பா'.

அந்த டப்பாவில் இரண்டு சாதி. ஒன்றில் என்ஜினின் பலம் முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும் போகும். இன்னொன்றில் நாலு சக்கரத்துக்கும் போகும். எது நல்லது என்று தெரியாமல் ஆண்கள் கைப்பேசியில் வீடியோ போட்டுப் போட்டுக் காட்டி அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் யாராவது, "கொக்கி அக்காவைக் கேப்போம். ரெண்டையும் தூக்குனது அவங்கதானே" என்று கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"எரியுற கொள்ளில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளின்னு என்கிட்ட கேக்குறீங்களா?" என்று ஆரம்பிப்பாள். "சரி, டயர் என்ன போட்டிருக்கு? பக்கத்து சீட்டுல யாரு உக்காருவா?"

அவர்கள் குதிரைசக்தியைச் சொல்வார்கள்.

"நான் குதிரையைக் கேக்கலை. டயரைக் கேட்டேன்!"

உண்மையில் அவளுக்குத் தெரிந்த அளவு அந்த வீடியோக்காரர்களுக்குத் தெரியாது. சாலையில் நின்று பள்ளத்தைப் பார்த்தே எந்த வண்டி என்று சொல்லிவிடுவாள். முன்சக்கர வண்டி வளைவில் திரும்பாமல் நேரே போயிருக்கும். தார் ரோட்டில் கறுப்பாய் நீளக் கோடு இருக்கும். ஓரத்திலேயே ஏதாவது புதரில் மாட்டிக்கொண்டிருக்கும். நாலு சக்கர வண்டி என்றால் கோடே இருக்காது. இன்னும் வேகமாக வந்து, இன்னும் தள்ளி, இன்னும் கீழே கிடக்கும்.

"முன்சக்கரம் மாமியார் மாதிரி. தப்புப் பண்றதுக்கு முன்னாடியே முணுமுணுக்கும். ஸ்டீயரிங் கையில கனக்கும், டயர் கத்தும், 'அடியே, போதும்'னு சொல்லும். நாலு சக்கரம் ஒண்ணும் சொல்லாது. 'வா, வா, பாத்துக்கலாம்'னு சிரிச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போய்த் தள்ளிவிட்டுடும்" என்பாள். யாராவது, "ஆனாக்கா, நாலு சக்கரமும் கவ்வுமே" என்று வாயைக் கொடுத்தால் தீர்ந்தது. மேசையில் ஓங்கி ஓர் அடி. கணவர் தொலைபேசியைப் பிடித்துக்கொள்வார்.

"ஓடுறதுக்குத்தான்டா நாலு சக்கரம், ரெண்டு சக்கரம்னு கணக்கு! நிக்கிறதுக்கு எல்லா வண்டிக்கும் நாலு சக்கரம்தான்!"

நாலு சக்கர வண்டியை இழுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் அடியில் ஒரு தண்டும் இணைப்பும் சேர்த்துக் கட்டியிருக்கின்றன. முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டுப் பின்சக்கரத்தைத் தரையில் உருட்டி இழுத்தால் அந்த இணைப்பு வெந்து போகும். "ரெண்டு காலைக் கட்டிப் போட்டுட்டு ரெண்டு காலை ஓடச் சொன்னா இடுப்பு ஒடியாதா?" என்பது அவள் விளக்கம். அதற்காகவே குட்டிச் சக்கரம் வைத்த இரண்டு பலகைகளை லாரியில் வைத்திருக்கிறாள். பின்சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றிய பிறகே இழுப்பாள். இது தெரியாமல், இதே தொழிலில் இருக்கும் மஞ்சள் லாரிக்காரர் ஒருமுறை அப்படியே உருட்டிக்கொண்டு வந்தார். பெட்ரோல் பங்க்கில் பத்துப் பேர் பார்க்க அவரை நிறுத்தி வைத்துக் கேட்டாள் பாருங்கள், அந்த மனிதர் அதற்குப் பிறகு அந்தப் பங்க்கில் டீசல் போடுவதையே விட்டுவிட்டார்.

ஊருக்கெல்லாம் அவளைக் கண்டால் பயம். ஆனால் அவள் திட்டாமல் வேலை செய்வதைப் பார்த்தவர்கள்தான் உண்மையில் பயப்பட வேண்டும்.

போன மழைக்காலத்தில் அப்படி ஒரு நாள் வந்தது. முழங்கை வளைவு என்று எல்லாரும் சொல்லும் திருப்பத்தில், சாம்பல் நிற நாலு சக்கர ஹாட் ஹேட்ச் ஒன்று நாற்பதடி கீழே கிடந்தது. உள்ளே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சர். இருபத்தேழு வயது இருக்கும். இடது கால் கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே நசுங்கிப் போயிருந்தது. கொக்கி அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கதவை அறுத்து எடுக்கும் வரை அந்தப் பெண்ணின் தலையைத் தன் மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது அந்தப் பெண் குழந்தை மாதிரி கேட்டாள்.

"மழையில கவலையே இல்ல, நாலு சக்கரமும் கவ்விக்கும்னு சொன்னாரே... ஏங்க்கா கவ்வலை?"

அப்படிச் சொல்லி அந்த வண்டியை விற்றவன் கொக்கி அக்காவின் கூடப் பிறந்த தம்பி.

அன்றிலிருந்து அவள் தம்பியோடு பேசவில்லை. பேசவில்லை என்றால் மௌனம் என்று அர்த்தமில்லை. தொலைபேசியில் அழைத்துத் திட்டிவிட்டு, அவன் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவாள். டீச்சர் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறாள். தம்பியோ மலையடிவாரத்தில், அதே வளைவுக்குச் சற்றுக் கீழே இருக்கும் தன் பழைய கார் விற்பனை நிலையத்தில் அதே சிரிப்போடு அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இப்போது அந்த வாக்கியத்தை அவன் சொன்னது அவள் பெற்ற மகளிடம்.

மகளுக்கு இருபத்தாறு வயது. பிசியோதெரபி படித்தவள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். தினமும் முழங்கை வளைவைத் தாண்டிப் போய், தாண்டி வர வேண்டும். நாலு வருடம் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்லாமல் மாமாவிடம் போய் இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்துவிட்டு வந்தாள். சிவப்பு நிறத்தில் ஒரு முன்சக்கர வண்டி. டீச்சருடையதைப் போலவே சாம்பல் நிறத்தில் ஒரு நாலு சக்கர வண்டி. இரண்டுமே கொழுப்பெடுத்த டப்பாக்கள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்மா. ரெண்டுல ஒண்ணு. நீயும் வந்து பாரு."

"சாம்பல் கலரா?"

"கலரை விடும்மா."

"அவன் கிட்டயா? டீச்சரோட காலை உடைச்சவன் கிட்டயா?"

"மாமா உடைக்கலை. வண்டி விழுந்துச்சு."

"வண்டி சும்மா விழுமாடி? வாய் தள்ளிவிட்டுச்சு! அவன் வாய்!"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கை கழுவவில்லை. லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். கணவர் பின்னாலேயே வந்து, "கொஞ்சம் நிதானமா..." என்று ஆரம்பித்தார். "நிதானமா இருந்தவ எல்லாம் எங்க கிடக்குறான்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு லாரியைக் கிளப்பினாள். மகள் ஓடிவந்து பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. தம்பியின் நிலையத்தில் சிமென்ட் தரை முழுக்க ஈரம். அக்காவின் லாரியைப் பார்த்ததும் அவன் முகத்தில் சிரிப்பு வந்து, பாதியில் நின்று, மறுபடி வந்தது.

"வாக்கா! எத்தனை மாசமாச்சு! உள்ள வா, உக்காரு."

"உக்கார வரலை. வண்டியை எடு."

பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை லாரியிலிருந்து எடுத்துத் தரையின் நடுவில் வைத்தாள். "ரெண்டு வண்டியையும் ஒண்ணொண்ணா நாப்பதுல ஓட்டிட்டு வா. கூம்பு கிட்ட வந்ததும் பிரேக்கை மிதி. நீ அளந்து சொல்லுடி."

சிவப்பு வண்டி வந்தது. கூம்பைத் தாண்டி மகளின் நடைக்குப் பதினாலு தப்படியில் நின்றது. சாம்பல் வண்டி வந்தது. அதன் டயர்கள் ஈரத்தில் சர்ரென்று இழுத்துக்கொண்டே போயின. மகள் மெல்ல நடந்து எண்ணினாள். பதினாறு.

"ரெண்டு தப்படி அதிகம். ஏன்னா கனம் அதிகம். டயரும் கட்டை மாதிரி இருக்கு. எங்கடா கவ்வுச்சு? சொல்லுடா, எதைக் கவ்வுச்சு?"

"அக்கா, நிறுத்துறதை வச்சுச் சொன்னா எப்படி? ஏறுறதைப் பாரு!"

நிலையத்தின் பின்பக்கம் மண் கொட்டிச் சரிவாக இருந்தது. சிவப்பு வண்டியை அதில் ஏற்றினான். முன்சக்கரம் இரண்டும் வெறுமனே சுழன்று சேற்றை வாரி இறைத்தன. வண்டி பாதி ஏறி, வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. சாம்பல் வண்டி மாடிப்படி ஏறுகிற மாதிரி அலுங்காமல் ஏறி உச்சியில் நின்றது. தம்பி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இப்ப என்ன சொல்றே?" என்றான்.

மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் பின்னாடியும் இதே மாதிரி மண் ஏத்தம்மா. நாங்க அங்கதான் நிறுத்தணும்."

கொக்கி அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். "ஏறும். ஏறாதுன்னு நான் எப்ப சொன்னேன்? ஏறித்தான் எல்லாரும் வர்றாங்க. இறங்கும்போதுதானே என்னைக் கூப்பிடுறாங்க" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அக்காவின் குரல் இறங்கியதைத் தம்பி வாழ்நாளில் கேட்டதில்லை. அதுவே அவனுக்கு வினையாகப் போயிற்று. சரிவிலிருந்து வேகமாக இறங்கி, ஈரத் தரையில் ஒரு வட்டம் அடித்துக் காட்டினான். பிறகு இன்னும் வேகமாக இன்னொரு வட்டம்.

"குண்டுச் சட்டிக்குள்ள குதிரை ஓட்டாதடா!" என்று அவள் கத்தினாள். அவனுக்கு எங்கே கேட்டது? மூன்றாவது வட்டத்தில் அவன் ஸ்டீயரிங்கைத் திருப்பினான், வண்டி திரும்பவில்லை. கோடு இல்லை, சத்தம் இல்லை. அப்படியே வழுக்கிக்கொண்டு போய் ஓரத்துச் சாக்கடையில் முன்பக்கத்தை இறக்கி உட்கார்ந்தது.

"உயிரோட இருக்கியாடா?"

"இருக்கேங்க்கா..."

பிறகு என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆறு மாதத்துக் கோபமும் அந்தச் சாக்கடை ஓரத்தில் கொட்டியது. டீச்சரின் காலைச் சொன்னாள். ஊன்றுகோலைச் சொன்னாள். சின்ன வயதில் சைக்கிளில் பிரேக் இல்லாமல் அவன் வந்து விழுந்ததைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வண்டியைப் பின்னாலிருந்து கயிறு போட்டு மேலே இழுத்தாள். முன்பக்கம் உடைந்து தொங்கியது. பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். சொல்லிக்கொண்டே லாரியை முன்பக்கம் கொண்டுவந்து, கொக்கியை மாட்டித் தூக்கினாள். "வீட்டுக்குப் போடா! என் கண்ணுல படாதே!" என்று அவன் முகத்துக்கு நேரே லாரிக் கதவை அறைந்து சாத்திவிட்டு, லாரியைக் கிளப்பிக்கொண்டு சாலைக்கு வந்தாள். உள்ளே தனியாக உட்கார்ந்தும் திட்டு ஓயவில்லை.

லாரியின் பக்கவாட்டில் யாரோ ஓங்கி ஓங்கி அடித்தார்கள். மகள். மழையில் ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது.

"அம்மா, நிறுத்து! நிறுத்தும்மா! பின்சக்கரம் தரையில உருளுது!"

கொக்கி அக்காவின் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

இறங்கி வந்தாள். சாம்பல் வண்டியின் முன்சக்கரங்கள் அந்தரத்தில் அசையாமல் நின்றன. பின்சக்கரங்கள் ஈரத் தாரில் நின்றுகொண்டிருந்தன. குட்டிச் சக்கரப் பலகைகள் இரண்டும் லாரியில் கட்டின கட்டு அவிழாமல் கிடந்தன. குனிந்து, வண்டியின் அடியில் கையை விட்டு அந்த இணைப்பைத் தொட்டாள். லேசான சூடு. இன்னும் இரண்டு கிலோமீட்டர் போயிருந்தால் வெந்திருக்கும்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடச் செய்யாத தப்பு. மஞ்சள் லாரிக்காரரைப் பத்துப் பேருக்கு முன்னால் நிறுத்தி வைத்துக் கேட்ட அதே தப்பு. பின்னாலேயே வந்த தம்பிக்கும் அது புரிந்துவிட்டது.

"ஊருக்குத்தான் உபதேசமாக்கா?" என்றான்.

அவள் கை ஓங்கியது. ஆனால் எங்கே இறக்குவது என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. தம்பியைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். தன் தொடையிலேயே படீரென்று ஓர் அடி அடித்துக்கொண்டாள்.

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் மகள். பலகைகளை அவளே இறக்கினாள். முழங்காலிட்டு, ஒவ்வொன்றாகப் பின்சக்கரங்களுக்கு அடியில் தள்ளி ஏற்றினாள். லாரிக்குள்ளேயே வளர்ந்த பிள்ளை. ஒரு பூட்டுக்கூடத் தப்பவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"கோபம் வந்தா நீ கண்ணாடியே பாக்க மாட்டேங்கிறம்மா. பின்னாடி என்ன வருதுன்னே பாக்க மாட்டேங்கிற."

"உனக்காகத்தான்டி..."

"எனக்காகன்னா உண்மையைச் சொல்லு. சிவப்பு வாங்கினா போதுமா உனக்கு? உனக்கு ரெண்டுமே வேணாம். நான் அந்த வளைவைத் தாண்டவே கூடாது. இந்த வேலையே வேணாம். அதானே?"

கொக்கி அக்கா சாம்பல் வண்டியின் டயரைப் பார்த்தாள். தொப்பியின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. எத்தனை பேரை அந்த வளைவின் அடியிலிருந்து தூக்கியிருக்கிறாள்! ஒவ்வொரு முறையும் கீழே இறங்கும்போது அவள் கண்ணுக்கு முதலில் தெரிவது யார் முகம் என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வாள்? சொல்லத் தெரியாமல்தானே இத்தனை வருடம் ஊரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்?

"நேத்து மாமாவோட சாம்பல் வண்டியில போய் அந்த வளைவுல திரும்பிப் பாத்தேன்" என்றாள் மகள். "எவ்வளவு வேகத்துல போறேன்னே தெரியலை. மீட்டரைப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. அதுலதான் எனக்குப் பயம் வந்துச்சு. நீ சொன்ன மாதிரி அது ஒண்ணுமே சொல்லலை. இப்ப சிவப்பைத் தனியா ஓட்டிப் பாக்கப் போறேன். மேல போய்த் திரும்பி வர்றேன். அது பேசுதுன்னா அதை வாங்கிட்டு மிச்சப் பணத்துக்கு நல்ல டயர் போடுவேன். மண் ஏத்தத்துல ஏறலைன்னா கீழயே நிறுத்திட்டு நடந்து போறேன், கால் இருக்கு. ஆனா நான்தான் முடிவு பண்ணுவேன். நீ வண்டியில ஏறாதே."

"மழை பெய்யுதுடி!"

"மழையிலதானே தெரியணும்."

தம்பியிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள். சிவப்பு வண்டி நிலையத்தின் வாசலைத் தாண்டி வந்து, அவர்களைக் கடந்து, மேலே ஏறி, முழங்கை வளைவில் மறைந்தது. அதன் சத்தம் மலையின் மேல் தேய்ந்துகொண்டே போயிற்று.

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "டீச்சர் வீட்டுக்குப் போ" என்றாள் கொக்கி அக்கா, அவன் பக்கம் திரும்பாமல். "போய் அவ முன்னாடி நின்னு, நான் பொய் சொன்னேன்னு சொல்லு. சொல்லிட்டு வந்து என்கிட்ட பேசு." பிறகு லாரியையும் தூக்கிய வண்டியையும் சாலையோரத்தில் அப்படியே விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தாள். மழைச் சட்டை காலில் தட்டத் தட்ட, நாற்பத்தெட்டு வயது மூச்சு இரைக்க, மேட்டில் முழங்கை வளைவின் கீழ்முனை வரைக்கும் ஓடினாள்.

கீழேயிருந்து சரக்கு லாரி ஒன்று உறுமிக்கொண்டு ஏறி வந்தது. அதன் பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் நாலைந்து கார்கள். கொக்கி அக்கா நடு ரோட்டுக்கு வந்து நின்று இரண்டு கைகளையும் அகல விரித்தாள். லாரி கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"என்னம்மா, மேல ஆக்சிடெண்ட்டா?"

"இன்னும் இல்ல!"

"அப்புறம் எதுக்கு நிறுத்துறீங்க?"

"நில்லுய்யா! நில்லுன்னா நில்லு! உங்க வீட்லயும் பொண்ணு இருப்பா, நில்லு!"

பஸ்ஸிலிருந்து ஹாரன். கார்களிலிருந்து ஹாரன். யாரோ ஒருவர் இறங்கி வந்து, எந்த அதிகாரத்தில் மறிக்கிறாய் என்று கேட்டார். அவருக்கும் கிடைத்தது. மலை மேலே எங்கோ ஒரு என்ஜின் சத்தம் திரும்பி, இறங்கத் தொடங்கியது. அருகில் வந்தது. வளைவுக்குள் நுழையும்போது டயர்கள் ஈரத்தில் முணுமுணுப்பது கேட்டது, உடனே என்ஜின் சத்தம் தணிந்தது, முணுமுணுப்பும் அடங்கியது.

தன் முதுகுக்குப் பின்னால் சிவப்பு வண்டி வளைவைத் தாண்டி வருவதைக் கொக்கி அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. முழு ரோடும் மகளுக்குக் காலியாக இருக்கும்படி, மழை ஒழுகும் இரண்டு கைகளையும் இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்துக்கொண்டு, அந்த லாரியின் முகத்துக்கு நேரே நின்றாள்.